வெள்ளிக்கிழமை மட்டும் குடித்த வண்டி

“...வாரம் பூரா யோக்கியமா ஓடுற வண்டி வெள்ளிக்கிழமை ஆனா மட்டும் குடிக்குதுன்னா, அதுக்கு ஊத்திக் குடுக்கிறது பெட்ரோல் பங்க் இல்லீங்க, நான்தான்!”

கிரிவலப் பாதையின் ஓரத்தில், ஒரு பங்குனிக் காலையில், பெட்ரோல் டேங்க் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணி இப்படிச் சொன்னார். சொந்த அண்ணி இல்லை. எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் வண்டி போடுகிறவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவருடைய வீட்டுக்காரம்மா. நின்றுபோன அந்த ஆட்டோவுக்குள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு பேச்சு பிறப்பதற்கு முன்னால் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால்தான் அதன் ருசி தெரியும்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆட்டோ போட்டேன். சவாரி ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு உலகம் தெரிந்தது. ஆனாலும் பின்சீட்டில் கேட்டதைவிட எங்கள் ஸ்டாண்டில் கேட்டதே எனக்குப் பெரிய சொத்து. அங்கே பேசத் தெரியாதவன் வண்டி போட முடியாது. ஒருத்தன் புதுச்சட்டை போட்டு வந்தால், “என்னப்பா, சட்டைக்குள்ள ஆள் இருக்கானா?” என்று கேட்பார்கள். கோபித்துக்கொண்டால் அன்றைக்கு முழுக்க அவன்தான் எங்களுக்குச் சாப்பாடு.

அந்த ஸ்டாண்டில் குடிக்காத டிரைவர் என்று பெயர் எடுத்தவர் அண்ணன். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கும்போது அவர் மட்டும் மாப்பிள்ளையின் மாமனாரோடு உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பெயருக்காகவே அவர் குடியிருந்த அடி அண்ணாமலையில் தாய்மார்கள் தங்கள் பெண்பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அவர் வண்டியில் அனுப்பினார்கள். பெற்றவர்கள் பெண்ணை நம்பி ஏற்றிவிடுகிற வண்டி என்றால் சும்மாவா? அதை அவர் ஒரு பதவி மாதிரி வைத்திருந்தார். தன் மகளும் அதே வண்டியில்தான் போவாள். ஆனால் அவளுக்கு எப்போதும் ஓரத்து இடம்தான். ஊரான் பிள்ளைகளுக்கு முதலில் வசதி.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து ஒருநாள் பெட்ரோல் பங்கில் புதுச்சேதி ஒன்று கிளம்பியது. பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களாம். பெட்ரோல் அடிக்கிற பையனிடம் அது என்ன என்று கேட்டதற்கு, “கரும்பு ஆலைக் கழிவுல இருந்து எடுக்கிற ஸ்பிரிட்டுங்க” என்று சொல்லிவிட்டான். போதாதா? சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கச் சாராய பெட்ரோல் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

“அப்போ நம்ம வண்டியும் குடிக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு சொல்லு.”

“பின்ன, ஓட்டுறவன் மட்டும்தான் குடிக்கணுமா? அதுக்கும் உடம்பு வலி இருக்காதா?”

“போலீஸ் புடிச்சா இனிமே உன்னை ஊதச் சொல்லமாட்டான்டா. சைலன்சரைத்தான் ஊதச் சொல்லுவான்.”

சிரித்தோமே தவிர, உள்ளே பயம் இருந்தது. வண்டிதான் எங்களுக்குச் சோறு. ஒருத்தர் மைலேஜ் கம்மி ஆயிடுச்சு என்றார். ஒருத்தர் புகை ஜாஸ்தி என்றார். என் வண்டியில் பழைய ரப்பர் டியூப் ஊறி மெத்தென்று ஆகிவிட்டது, அது நிஜம். டேங்கில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால்கூட இந்த பெட்ரோல் அதோடு சேர்ந்துகொண்டு அடியில் இறங்கிவிடும், எஞ்சின் இருமும் என்று மெக்கானிக் சொன்னார். அதனால் மழை நாளில் டேங்க் மூடியை இறுக்கிப் பார்த்துக்கொண்டோம், டியூபை மாற்றினோம். அந்தப் பயத்தில் பாதிக்காவது காரணம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அண்ணன் மட்டும் சிரிக்கவே இல்லை. “நான் குடிக்காதவன்டா. என் வண்டிக்கு ஊத்துறானுங்களே” என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அதே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பெண்களை ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி வழியில் அவர் வண்டி நின்றது. இழுத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. கடைசியில் பின்பக்கம் திறந்து, பெட்ரோல் எப்படி இருக்கிறது என்று டேங்க் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். மூடியைப் போட்டுவிட்டு மறுபடி இழுத்தார். சட்டென்று பிடித்துக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. நின்றது, மோந்தார், ஓடியது.

ஸ்டாண்டில் இதற்கு உடனே விளக்கம் வந்துவிட்டது. “மப்பு ஏறிப்போச்சு அதுக்கு. மூடியத் தொறந்தா நாத்தம் வெளிய போவுது, தெளிஞ்சிடுது. அவ்ளோதான்.” இன்னொருத்தர், “அடுத்த தபா ஒரு எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊத்துண்ணா, சீக்கிரம் தெளியும்” என்றார்.

“சிரிங்கடா, சிரிங்க. நாளைக்கு உங்க வண்டியும் ரோட்டுல படுக்கும்” என்றார் அண்ணன்.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வண்டி பட்டத்து ராணி மாதிரி ஓடும். கார்பரேட்டரைக் கழுவினார், பிளக்கை மாற்றினார், டியூபை மாற்றினார். “உன் வண்டிக்கு ஒண்ணும் இல்லப்பா, உனக்குத்தான் ஏதோ இருக்கு” என்று அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தால் மறுபடி அதே கதை.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று அண்ணி செய்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி அனுப்புவது அவர் வழக்கம். நாங்கள் எல்லாரும் செய்கிறதுதான். முகப்பு விளக்கில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று, முடிந்தது. சாராய பெட்ரோல் என்று கேள்விப்பட்டதிலிருந்து, கெடுதல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் காப்பும் வேண்டும் என்று டேங்க் மூடிக்கும் ஒரு பொட்டு வைக்க ஆரம்பித்தார். முதல் தடவை வண்டி நின்ற பிறகு பொட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினார். இரண்டாவது தடவைக்குப் பிறகு வடை தட்டுகிற மாதிரி தட்டிவைத்தார். அண்ணனும் மூடியைக் கழற்றும்போது பொட்டு கலையாமல் பயபக்தியோடு கழற்றி, பயபக்தியோடு மாட்டுவார்.

பொதுப் பரீட்சை வந்தது. கணக்கு வெள்ளிக்கிழமையில் விழுந்தது.

அடி அண்ணாமலையில் பூ விற்கிற ஓர் அக்காவின் மகளும் அந்த வண்டியில் போகிறவள். அந்த அக்கா அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டார். “அண்ணா, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. வண்டி மேலதான். பரீட்சை அன்னிக்குப் பாதி வழியில நின்னா எம்பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிடும். வேன்காரர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை பின்னாலயே இன்னொரு வண்டி வரட்டும். உங்க வண்டி நின்னுச்சுன்னா பொண்ணுங்க அதுல ஏறிக்கட்டும், மறுநாள்லருந்து எல்லாரும் வேனுக்கு மாறிடுவாங்க.”

அண்ணன் நேரே ஸ்டாண்டுக்கு வந்து என்னிடம், “நீ பின்னால வர்றியாடா?” என்று மட்டும் கேட்டார். அவர் வண்டிக்குத் துணைவண்டி கேட்ட நாள் அது ஒன்றுதான். அன்றைக்கு ஸ்டாண்டில் ஒருத்தரும் கேலி செய்யவில்லை. எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமைகளில் அந்த மௌனமும் ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை அவர் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். என் வண்டியில் பூக்கார அக்காவும் அண்ணியும். என்னதான் ஆகிறது என்று கண்ணால் பார்த்தே தீருவேன் என்று அண்ணி ஏறிக்கொண்டார். அன்றைக்குப் பொட்டு எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊர் எல்லை தாண்டிப் புளியமர நிழலில் போய்க்கொண்டிருக்கும்போதே முன்வண்டியின் சத்தம் இறங்கியது. இரண்டு குலுக்கல். நின்றது.

பூக்கார அக்கா என் வண்டியிலிருந்து இறங்கி முன்வண்டிக்குப் போனார். “இறங்குங்கடி. புத்தகத்த எடுத்துக்கிட்டு இதுல ஏறுங்க.”

பெண்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் மகள் இறங்காமல் ஓரத்துச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பின்பக்கம் போய்த் திறந்து, வழக்கம்போல டேங்க் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்றது.

அவருக்கு அது பழகிப்போன சத்தம். சாராய ஆவி போகிறது என்று நினைத்துக்கொள்வார். அண்ணிக்கு அது வேறு இடத்தில் கேட்டிருந்த சத்தம். அவர்கள் வீட்டில் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், டின்னில்தான் வாங்குவார்கள். டின்னில் ஓர் ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் கொஞ்சம் வந்து அடைத்துக்கொண்டு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டால் இதே மாதிரி காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு தாராளமாக ஊற்றும்.

“அதக் குடுங்க” என்று மூடியைப் பிடுங்கினார். திருப்பினார். அடியில் ஒரு குண்டூசி ஓட்டை தெரிந்தது. மேலே திருப்பினால் சந்தனம்.

“இதுல காத்து போறதுக்கு ஓட்டை இருக்குதாங்க?”

“இருக்கும், ஏன்?”

“மேல எங்க அது?”

அண்ணன் பார்த்தார். நான் பார்த்தேன். பூக்கார அக்காவும் எட்டிப் பார்த்தார். மேலே ஓட்டையே இல்லை. ஈரச் சந்தனம் வடைபோல உட்கார்ந்திருந்தது. உள்ளே காற்று போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்க மறுத்திருக்கிறது. மத்தியானத்துக்குள் எஞ்சின் சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்துவிடும், சனிக்கிழமை மெக்கானிக் முன்னால் வண்டி நல்லபிள்ளை ஆகிவிடும்.

அண்ணிக்கு முதலில் முகம் கறுத்தது. அப்புறம் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். “அய்யய்யோ, பாவம் அந்த பங்க்காரன், ஒரு மாசமா அவனத் திட்டினேனே! ஏங்க, கேளுங்க, வாரம் பூரா யோக்கியமா ஓடுற வண்டி வெள்ளிக்கிழமை ஆனா மட்டும் குடிக்குதுன்னா...” என்று ஆரம்பித்து, நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சைச் சொல்லி முடித்தார்.

முதலில் சிரித்தது பூக்கார அக்காதான். பாதி இறங்கியிருந்த பெண்களைப் பார்த்து, “என்னடி வேடிக்கை? ஏறி உக்காருங்க உங்க வண்டியிலயே” என்று அதட்டினார். அந்த ‘உங்க வண்டி’யைக் கேட்டு அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது வேர்வைக்காக மட்டும் இல்லை. பெண்கள் மணியடிக்க வெகுநேரம் முன்பே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். வேன் பேச்சு அதோடு போனது. அந்த வண்டி ஓடி ஓய்ந்த வரைக்கும் அடி அண்ணாமலைப் பிள்ளைகள் அதில்தான் வந்தார்கள். எங்கள் ஸ்டாண்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற எவனும் இன்றுவரை டேங்க் மூடியைத் தொடமாட்டான்.

ஆனால் என் கண்ணில் நிற்பது அந்தப் பேச்சுக்கு அடுத்த நொடிதான். அண்ணி கட்டைவிரல் நகத்தால் மூடியிலிருந்த சந்தனத்தை மொத்தமாக வழித்தார். ஓட்டையில் வாய் வைத்து ஒரு ஊது ஊதினார். மூடியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, வழித்த சந்தனத்தை நடுரோட்டில், அத்தனை பெண்கள் முன்னாலும், குடிக்காத டிரைவரின் நெற்றி நிறைய அப்பிவிட்டு வந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.