வலி எண் இரண்டு

முரளிதரன் இருபத்தாறு வருடம் ஷார்ஜாவில் ஓர் அத்தர் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தார். பூவிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு, பிரிக்கப் பயன்பட்ட கரைப்பான் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு சொட்டைக் காகிதப் பட்டையில் விட்டு, மறுநாள் காலை மோந்து பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தையே தொடுவார். படிவத்தில் ‘எச்சம்’ என்ற கட்டத்தில் சந்தேகம் இருந்தால் கையெழுத்து விழாது. மேனேஜர் ஹஸ்னைன், “ஜல்தி, முரளி பாய், கன்டெய்னர் நிக்குது,” என்று கத்தினாலும், “கல், நாளைக்குத்தான்,” என்பார்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியதும், டொராண்டோவிலிருந்த மகன் ரிஷி கஞ்சா எண்ணெய் கொண்டுவருவதாகச் சொன்னான். அங்கே கடையில் கிடைக்கிறது. எந்த முறையில் எடுத்தது நல்லது என்று தங்கை மஹதியைக் கேட்டான். அவளும் கெமிஸ்ட்.

அப்பாவின் படிவம் போலவே கட்டம் போட்டு எழுதினாள். எத்தனால்: பச்சையத்தையும் கசப்பையும் சேர்த்து இழுத்துவரும். பியூட்டேன்: மணம் கெடாது, தீ ஆபத்து, சரியாக வெளியேற்றாவிட்டால் எண்ணெயிலேயே தங்கும். அழுத்தக் கார்பன் டை ஆக்சைடு: தானே ஆவியாகிவிடும், இயந்திரம்தான் விலை. இதற்கு எச்சத்தில் ஒரு கோடு போட்டாள்.

ஷார்ஜா ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா அதைப் படித்தார்.

“இங்க ஏன் கோடு?”

“ஒண்ணும் மிஞ்சாதுப்பா.”

“துபாய் ஏர்போர்ட்ல உங்கண்ணன் மிஞ்சுவான்டி. கம்பிக்கு உள்ள.” சிரித்தார். சிரித்த வேகத்தில் இடுப்பு வலித்துக் கட்டிலைப் பற்றிக்கொண்டார்.

ரிஷி கேட்பதாக இல்லை. “ஷாம்பு பாட்டில்ல ஊத்திட்டா யாருக்குத் தெரியும்? அப்பா துடிக்கறதப் பாத்துட்டு இருக்கச் சொல்றியா?” மூன்று நாளில் விமானம்.

மறுநாள் ரிஷி வீடியோவில் இருந்தபோது நர்ஸ் ஃபஸ்னா வந்தாள்.

“வலி பத்துக்கு எத்தனை, அங்கிள்?”

முந்தைய நாள் எட்டு.

“ரெண்டு,” என்றார். பிறகு போனைப் பார்த்து, “கேட்டியாடா? இங்க குடுக்கற மருந்தே போதும். நீ வெறுங்கையோட வா.”

போர்வைக்கடியில் அவர் விரல்கள் மஹதியின் கையை நெரித்தன. ஃபஸ்னா இரண்டு என்று எழுதினாள். அன்று கூட்டுவதாக இருந்த மார்ஃபினை டாக்டர் கூட்டவில்லை.

அழைப்பு முடிந்ததும் மஹதி நர்ஸிடம் உண்மையைச் சொல்ல எழுந்தாள்.

“உக்காரு. அவன் தினம் வார்டுக்கு போன் போட்டு சார்ட்டக் கேக்கறான். பிளைட் ஏறட்டும், அப்புறம் எட்டுன்னு சொல்லிக்கலாம்.”

அவள் உட்கார்ந்தாள். மறுநாளும் இரண்டு. அதற்கடுத்த நாளும் இரண்டு. ரிஷியின் விமானம் கிளம்பிய செய்தி வந்தபோது அப்பாவுக்கு எண் சொல்லும் அளவுக்கு நினைவில்லை. அது தரையிறங்குமுன் போய்விட்டார்.

ரிஷி ஒற்றைப் பையோடு வந்தான். சோதனையில் ஷாம்பு பாட்டிலைக்கூடத் திறந்து பார்த்தார்களாம். வெறும் ஷாம்பு.

“வலி இல்லாமதான போனாரு?”

“சார்ட்ல ரெண்டுன்னுதான் இருந்தது,” என்றாள் மஹதி.