பூநாரைக்கு வாங்கிய லென்ஸ்

லென்ஸ் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டபோது, லாத்தா மகள் கல்யாணத்துக்கு என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

லாத்தாவை எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். புனேயை ஒட்டிய ஆகுர்டியில் அவர் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இட்லி அரிசி, நல்லெண்ணெய், கருவாடு என்று நமக்கு வேண்டியதெல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். மதியத்தில் கல்லாவில் லாத்தா இருப்பார். பரமக்குடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. அவர் வீட்டில் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கோயமுத்தூர்க்காரியான நானும் அப்படியே பழகிவிட்டேன். நான் டெங்குவில் படுத்தபோது ஆகுர்டியிலிருந்து வாகட்டில் எங்கள் வீடு வரைக்கும் பத்து நாள் கஞ்சி கொடுத்தனுப்பியவர். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அவருக்கு மூன்று பெண்கள். நடுப்பெண்ணுக்குக் கல்யாணம் முடிவானதும் என்னைத்தான் கூப்பிட்டார்.

“பொம்பளைங்க பக்கத்துப் படமெல்லாம் நீதாம்மா எடுக்கணும். ஆம்பளப் பையன உள்ள விட முடியாது. இங்க லேடி போட்டோகிராஃபர் கேட்டா, கேமராவோட ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு வருவேங்குது.”

“அதுக்கென்ன லாத்தா, நான் எடுக்கிறேன்.”

“எம் பெரியவ மஸ்கட்ல படுத்த படுக்கையா கெடக்கா. ஏழு மாசம், எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. தங்கச்சிக்குக் கருகமணி கட்றதப் பாக்க முடியலையேன்னு அழுவுறா. நீ எடுக்கிற படத்துலதான் அவ பாக்கணும்.”

அவர்கள் வீட்டில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பெண்கள் பக்கம் வந்து மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டுவார். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்தப் படம்தான் பெரியவளுக்கு வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் யாரோ எடுத்த பெண்கள் படம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிப் பெரிய சண்டையாகிவிட்டதாம். அதனால் வாசலில் ஒரு கூடை வைத்து, உள்ளே வரும் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடப் போவதாகச் சொன்னார். நல்ல யோசனை என்று நான்தான் பலமாகத் தலையாட்டினேன். போனை நீட்டிக்கொண்டு ஆள் ஆளுக்கு என் கேமராவை மறைக்கமாட்டார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

என் கேமரா எட்டு வருஷப் பழசு. அதோடு வந்த சின்ன லென்ஸ்தான் அதுவரை. ரொம்ப நாளாக ஒரு பெரிய ஜூம் மேல் எனக்குக் கண். புனேயிலிருந்து இரண்டரை மணி நேரம் போனால் பிக்வண் அணை நீர். குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வரும். ஆபீஸில் ஒருத்தி எடுத்த படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்த அந்த ஆசைக்கு லாத்தா மகள் கல்யாணம் ஒரு சாக்காக வந்து வாய்த்தது.

மூன்று வாரம் வேறு வேலையே இல்லை. பதினெட்டிலிருந்து நூற்று நாற்பது மில்லிமீட்டர் வரை போகிற லென்ஸா, இன்னும் தூரம் இழுக்கிற இருநூறா, முந்நூறா? கம்பெனி லென்ஸா, பாதி விலையில் கிடைக்கிற வேறு கம்பெனியுடையதா? புதுசா, கைமாறியதா? ஹிஞ்சவடி டிராஃபிக்கில் ஆபீஸ் கேப் நகராமல் நிற்கிற நேரமெல்லாம் விமர்சனம் படித்தேன். எக்ஸெல்லில் போட்டு ஒப்பிட்டேன். எடை எவ்வளவு, ஓரங்களில் தெளிவு எப்படி, கை நடுக்கம் தாங்குமா என்று தனித்தனிக் கட்டம்.

“நம்ம கல்யாணத்துக்குக்கூட உங்கப்பா என்னைப் பத்தி இவ்வளவு விசாரிக்கலை” என்றார் வீட்டுக்காரர்.

“விசாரிச்சிருந்தா நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?” என்றேன். வெளிச்சம் என்று ஒரு கட்டமும் அந்த எக்ஸெல்லில் இருந்தது. அதை மட்டும் நான் நிரப்பவில்லை.

பழைய புனே ஊருக்குள் ஒரு சந்தில் கேமராக் கடை. கடைக்காரர் அறுபது வயது மராட்டியர், அவசரமே இல்லாத மனிதர். முந்நூறு வரை போகிற லென்ஸை எடுத்து என் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். நான் வாசலில் நின்று தெருக்கோடியில் இருந்த பெயர்ப்பலகையை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் வந்து நின்றது. எடுத்துவிட்டேன் என்று மனசுக்குள் அப்போதே முடிவாகிவிட்டது.

எதற்கு வேண்டும் என்று இந்தியில் கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். வெளியிலா, ஹாலுக்குள்ளா? ஹாலுக்குள் என்றேன். உடனே என் கையிலிருந்த லென்ஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி லென்ஸை எடுத்தார்.

“மேடம், ஷாதி ஹை தோ யே லீஜியே.”

கல்யாணமென்றால் இதை எடுங்கள் என்கிறார். அந்தக் குட்டிக்கு ஜூம் கிடையாது, நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். ஆனால் இருட்டிலும் எடுக்கும், விலையும் கொஞ்சம்தான். பெரியது வெயிலில் பிரமாதம். ஹாலுக்குள் நீட்ட நீட்ட உள்ளே வருகிற வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரியாமல் இல்லை, மூன்று வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் வாங்க என்னால் முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ்தான் எனக்கு வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். விலையைக் கொஞ்சம் குறைப்பதற்காகப் பழைய சின்ன லென்ஸையும் அங்கேயே மாற்றாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லாத்தா போன் செய்தார். சிஞ்ச்வட்டில் ஹாலைப் பார்க்கப் போகிறேன், நீயும் வந்தால் எங்கே நின்று எடுப்பது என்று பார்த்துவிடலாமே என்றார். ஆபீஸ் வேலை இருக்கிறது லாத்தா என்றேன். அப்போது நான் பிக்வண் போகிற வழியில், ஒரு தாபாவில் மிசல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். புது லென்ஸைப் பழக்க வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று எடுத்த பூநாரைப் படம் ஒன்று மிக நன்றாக வந்தது. கால் நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூடத் தெரியும்.

கல்யாணத்தன்று காலை பதினோரு மணிக்கு ஹாலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் எங்கே என்றுதான் முதலில் தேடினேன். ஹாலின் பின்பாதியைக் கனத்த மெரூன் துணியால் தடுத்துப் பெண்கள் பக்கமாக ஆக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து யாரும் பார்க்கக் கூடாதென்று ஜன்னல்களிலும் அதே துணி. மேலே நாலு மஞ்சள் பல்பு. வாசலில் கடைசிப் பெண் கூடையோடு நின்று, “ஆன்ட்டி, உங்க போன்கூட குடுக்கணும், அம்மா சொல்லிச்சு” என்றாள். கொடுத்தேன்.

ஃப்ளாஷைத் திறந்து மணப்பெண்ணைக் கிட்டப் போய் எடுத்தேன். லென்ஸ் நீளமானது, கேமராவின் தலையிலிருந்து வரும் ஃப்ளாஷை அதுவே மறைத்து, படத்தின் அடியில் அரை வட்டமாக ஒரு கறுப்பு நிழல் விழுந்தது. சரியாக அவள் மடிமேல் வைத்திருந்த மருதாணிக் கைகளின் மேல். லென்ஸின் முன்னால் மாட்டியிருந்த வெயில் மறைப்பு வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் விழுந்தது. ஃப்ளாஷை அணைத்தால் எல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். ஐம்பது அறுபது பெண்கள் ஒரே நொடியில் எழுந்து மணப்பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலிலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். ஜூம் இருக்கிறதே என்ற தைரியத்தில் சுவரோரம் நின்றிருந்தேன். நாற்காலி மேல் ஏறி நின்று இழுத்தேன். ஃப்ளாஷ் போட்டபோது முன்னால் நின்றவர்களின் தலைகள்தான் வெள்ளையாக வந்தன. போடாமல் அடுத்தடுத்துப் பதினோரு படம் எடுத்தேன். கேமராவின் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நாலு கை இருப்பதுபோல இருந்தது, மணப்பெண்ணுக்கு முகமே இல்லை. கருகமணி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

பக்கத்தில் நின்ற லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எடுத்துட்டியாம்மா?” என்றார்.

“எடுத்துட்டேன் லாத்தா” என்றேன்.

படங்களைக் கொடுக்காமல் இரண்டு வாரம் இழுத்தடித்தேன். கம்ப்யூட்டரில் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தேன். கடைசியில் ஒரு பென் டிரைவில் போட்டு, மிளகாய்த்தூள் வாங்கப் போகிறவள்போலக் கடைக்குப் போய்க் கொடுத்தேன். அங்கேயே கல்லா மேல் லேப்டாப்பை வைத்துப் பார்த்தார். கருகமணிப் படம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

“ஹால்ல லைட்டே இல்ல லாத்தா” என்றேன். முன்கூட்டியே சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாம்மா, நாங்கதான் ஹால சரியாப் பாக்கல. ஜன்னலயும் மூடித் தொலச்சோம். ஒனக்கு எவ்வளவு செரமம். மன்னிச்சுக்கம்மா” என்றார். நானும் பரவாயில்லை லாத்தா என்று சொன்னேன். பரவாயில்லை என்று சொன்ன அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே அறையத் தோன்றுகிறது.

மஸ்கட்டிலிருந்து பெரியவள் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ரொம்ப நன்றி ஆன்ட்டி, தங்கச்சியின் புடவைக் கலர் தெரிகிறது என்று எழுதியிருந்தாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பூநாரைப் படம் எங்கள் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, மாட்டியது வீட்டுக்காரர். போன மாதம் இட்லி அரிசி வாங்கப் போனேன். லாத்தா என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கடைசிப் பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டதாம்.

“இந்தத் தடவ வேற ஹாலு. தளேகாவ் பக்கம். ரெண்டு பக்கமும் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னலு, வெளியே தோட்டம், மதிலு, யாரும் எட்டிப் பாக்க முடியாது. அவ்வளவு தூரம் எதுக்குன்னு ஒங்க அண்ணன் ஒரே சண்ட. அந்தப் புள்ளைக்குப் படமெடுக்க வெளிச்சம் வேணும், போன தடவ மாதிரி அதைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு சொல்லிப்புட்டேன்.”

ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டேன். கடைக்காரர் குட்டி லென்ஸை எடுத்து வைத்தது, வேண்டாம் என்று நான் சொன்னது, ஹால் பார்க்கக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்பது. எதற்காக அந்த லென்ஸ் என்று சொல்லும்போது பறவை என்ற வார்த்தை வாயில் வரவே மாட்டேன் என்றது.

லாத்தா கேட்டுக்கொண்டே அரிசியை நிறுத்தார். பையை முடிச்சுப் போட்டார்.

“கடக்காரர் சொன்னாரா, இருட்டுல வராதுன்னு?”

“சொன்னார் லாத்தா.”

“பெரியவ கேட்டப்பகூட, ஹாலு சரியில்லன்னுதான் சொன்னேன்.”

அவர் குரல் உயரவில்லை. யாரோ பப்படம் கேட்டு வந்தார்கள். மராத்தியில் பதில் சொல்லி எடுத்துக் கொடுத்தார். அடுத்த தடவைக்கு அந்தக் குட்டி லென்ஸை வாங்கிவிட்டேன், முன்வரிசையிலேயே உட்காருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே வாங்கியிருந்தேன். போன வருஷமே, யாருக்கும் சொல்லாமல்.

லாத்தா அரிசிப் பையை என் பக்கம் தள்ளினார்.

“இந்தத் தடவ வாசல்ல கூடையெல்லாம் வைக்கலம்மா. அவங்கவங்க போனு அவங்கவங்க கையில இருக்கட்டும். வந்தது வரட்டும்” என்றார். பிறகு, எப்போதும்போல என் கையில் ஒரு தட்டுத் தட்டி, “நீ சும்மா வா. சாப்பிட வா” என்றார்.