எக்காள அக்கா கைவிடப்பட்ட மதியம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முகத்துக்கு நேரே அவள் ‘அக்கா’. முதுகைத் திருப்பியதும் ‘எக்காளம்’. ஆண்டவர் திரும்ப வரும்போது ஊதப்படும் கடைசி எக்காளத்தைப் பற்றிப் பேசாமல் அவள் ஒரு ஷிஃப்ட்கூட முடித்ததில்லை. ஈர விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் கொடுப்பது அவள் வேலை. ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்தால்தான் விரிப்பு சுருங்காமல் உள்ளே போகும். எதிரே நிற்பவளிடம் சொல்வாள்: “இப்ப ஆண்டவர் வந்தா, இந்த விரிப்போட ஒரு முனை தொப்புன்னு கீழ விழும். எந்த முனைங்கறத நீ முடிவு பண்ணிக்க.”

“ஊதறதுக்கு முன்னாடி சொல்லிடுங்கக்கா. தரையில பட்டா சூப்பர்வைசர் திரும்பத் துவைக்கச் சொல்வாரு” என்பாள் எதிரே நிற்பவள்.

சிரிப்பை அக்கா பொருட்படுத்துவதில்லை. பேழை கட்டிய நோவாவைப் பார்த்தும் சிரித்தார்கள்தானே? ஆண்டவரின் இரகசிய வருகையின் நாளில் யார் யார் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், யார் யார் பூமியில் கைவிடப்படுவார்கள் என்று அவள் மனதில் ஒரு பிரிப்பு இருந்தது. கறை படிந்த துணி அந்தக் கூடையில், படியாதது இந்தக் கூடையில் என்பதுபோல. மருமகள் நிச்சயம் போவாள். கணவர் கொஞ்சம் இழுபறி. ஆனாலும் அவளுடைய ஜெபத்தால் கடைத்தேறிவிடுவார். கைவிடப்படுபவர்களில் முதலாவதாக நின்றது அவளுடைய தங்கை.

தங்கை கட்டின புருஷனை விட்டுவிட்டு, வேறொரு ஊரில் மோட்டார் மெக்கானிக் ஒருவரோடு தாலி கட்டாமல், சபையில் கல்யாண ஓலை வாசிக்காமல் குடித்தனம் நடத்தினாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது ஓடி வந்தாள். சவப்பெட்டியருகே அவள் மண்டியிடப் போனபோது, சபையார் அத்தனை பேர் முன்னிலையிலும் அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அம்மா போயிருக்கற இடத்துக்கு நீ வரப்போறதில்ல. தூர நின்னு முகத்தப் பாத்துட்டுக் கிளம்பு” என்றாள். தங்கை கையை விடுவித்துக்கொண்டாள். அடக்கத்துக்கும் நிற்காமல் போய்விட்டாள். அன்று மாலையே இரண்டு பேர் அக்காவின் வைராக்கியத்தைப் பாராட்டினார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் அக்கா தங்கைக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பதினோரு மணிக்குச் சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வந்தபோது கணவர் கொல்லைப்புறத்தில் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். மருமகள் குளியலறையில் இருந்தாள். யாரையும் கூப்பிடத் தெம்பில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் கதவைச் சாத்திப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிப்போனாள்.

நீளமான ஒரு ஊதல் சத்தம் அவளை எழுப்பியது. ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. அதற்கப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

எழுந்து வெளியே வந்தாள். சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பலகையில் பாதி நறுக்கிய கேரட், பக்கத்திலேயே கத்தி. மருமகளின் போன் மேசைமேல் கிடந்தது. கணவரின் செருப்பு வாசலில் இருந்தது. மூக்குக்கண்ணாடி செய்தித்தாள்மேல் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அந்த மனுஷர் பத்தடி நடக்கமாட்டார்.

“என்னங்க?” என்றாள். “ஏம்மா, எங்க இருக்க?” என்றாள். பதில் இல்லை.

தெருவுக்கு வந்தாள். எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. ஈ காக்கை இல்லை. எதிரே இருந்த சலூனில் நாற்காலிமேல் வெள்ளைத் துணி குவிந்திருந்தது. கிண்ணத்தில் சவர நுரை இன்னும் வற்றவில்லை. சலூன்காரர் கண்மூடி ஜெபித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவரே போயிருக்கிறார்.

வருகை ஆகிவிட்டது, தான் கைவிடப்பட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. ‘நானா, என்னையா?’ என்று ஒரு கேள்விகூட எழவில்லை. ஒன்பது வருடமாகத் தெரிந்திருந்த ஒன்றை யாரோ வந்து உறுதிப்படுத்திவிட்டுப் போனதுபோல் இருந்தது.

வீட்டுக்குள் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு பாஸ்டருக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஜெபக்குழுத் தலைவிக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கைவிடப்பட்டவர்களில் யாரைத் தெரியும்? விரல் தானாகவே தங்கையின் எண்ணை அழுத்தியது. அது அவளுக்கு மனப்பாடம்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் தங்கை. “அக்கா?” அந்த ஒரு சொல்லில் அவ்வளவு ஆவல்.

“நீ இருக்கியா?”

“இருக்கேன்க்கா. எங்க போகப்போறேன்? உனக்கு என்ன ஆச்சு, குரல் ஏன் இப்படி இருக்கு?”

“எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும்தான்னு பயந்துட்டேன். நீ இருப்பேன்னு எனக்குத் தெரியும். அதான் உன்னக் கூப்பிட்டேன்.” சொல்லிவிட்டுக் குழந்தைபோல் விம்மினாள்.

தங்கையும் அதே சபையில், அதே பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவள்தான்.

“வருகை ஆயிடுச்சுன்னு நெனச்சியா?”

“ம்.”

“அதனால எனக்குப் போன் பண்ணின. மத்தவங்க மேல இருப்பாங்க, இவ எப்படியும் கீழதான் இருப்பான்னு.”

அப்போதுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அதற்குள் வாசல் கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள்.

“கதவத் தட்டறாங்க பாரு” என்றாள் தங்கை. “தேவதூதன் இப்படித் தட்டமாட்டான். போய்ப் பாரு.” வைத்துவிட்டாள்.

வாசலில் தீயணைப்பு வீரர் ஒருவர் நின்றார். “ஏம்மா, சைரன் ஊதியும் இன்னும் உள்ள என்ன பண்றீங்க? பின்தெருவுல கேஸ் லாரி ஒழுகுது. தெருவையே காலி பண்ணி அரை மணி நேரமாகுது. வாசனை வரலயா?”

அவளுக்கு மூக்கடைப்பு.

பள்ளி மைதானத்தில் தெருவே நின்றது. கணவர் வெறுங்காலோடு கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கன்னம் மட்டும் மழித்த ஆள். “அத்தை! நீங்க வேலையில இருக்கீங்கன்னுல்ல நெனச்சோம்!” என்று மருமகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். பாஸ்டரும் ஜெபக்குழுத் தலைவியும் ஒரு சபையாரின் அடக்கத்தில் இருந்தார்களாம். எல்லாம் இவ்வளவுதான். அவளால் யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். பெரிய ஆபத்திலிருந்து ஆண்டவர் காத்த கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வரி ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்துவிடத்தான் எழுந்தாள். மைக்கைப் பிடித்ததும் நாக்கு வேறு வழியில் போனது. காலி வீட்டைச் சொன்னாள். சலூன் நாற்காலியைச் சொன்னபோது சபை கொல்லென்று சிரித்தது.

“என்ன விட்டுட்டாங்கன்னு நெனச்சப்ப எனக்கு ஆச்சரியம் வரல” என்றாள். “என் தங்கச்சிய எங்கம்மா பெட்டிகிட்ட வரவிடாம நான் தடுத்தேன். நீங்க எல்லாரும் பாத்தீங்க. பரலோகத்துக்கு யார் வரணும்னு சொல்ல என்னை யாரும் வாசல்ல நிறுத்தல.”

சிரிப்பு நின்றது. பாஸ்டர் தொண்டையைச் செருமி ஒரு பாட்டை அறிவித்தார். ஆராதனை முடிந்ததும் ஜெபக்குழுத் தலைவி, “குடும்ப விஷயத்த எல்லாம் மேடையில வைக்கணுமா சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு நடக்கையில் கணவர் பாதி வழியில் நின்றார். “அன்னைக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன். வாயத் திறக்கல” என்றார்.

அடுத்த வாரம் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் அந்த மெக்கானிக். “வாங்க, அவ வேலைக்குப் போயிருக்கா. வந்துருவா” என்று ஒரே நல்ல நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தை அவள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள்.

தங்கை வந்தாள். அக்கா எழுந்து வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தாள். “மன்னிப்பு அது இதுன்னு ஆரம்பிக்காத. எனக்கு இன்னைக்கு அதுக்குத் தெம்பில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அம்மாவ எந்த இடத்துல வச்சிருக்கு?”

ஒன்பது வருடமாகத் தங்கைக்கு அது தெரியாது. அக்காவுக்குத் தலை நிமிரவில்லை. காகிதம் கேட்டு வாங்கி, கல்லறைத் தோட்டத்தின் கேட், தண்ணீர்த் தொட்டி, மூன்றாவது வரிசை என்று கோடு போட்டுக் காட்டினாள்.

“நான் தனியாப் போறேன்” என்றாள் தங்கை.

பத்து நாள் கழித்து போனில் ஒரு செய்தி வந்தது: ‘போயிட்டு வந்தேன். கல்லுல எழுத்தெல்லாம் மங்கிக் கிடக்கு. நீ பாக்கறதே இல்லையா?’

அவள் பார்ப்பதில்லைதான். அம்மா மேலே இருக்கிறாள், கல்லில் என்ன என்று இருந்துவிட்டாள். அடுத்த விடுமுறை நாளில் கறுப்புப் பெயின்ட்டும் மெல்லிய தூரிகையும் வாங்கிக்கொண்டு போனாள். வெயிலில் குத்துக்காலிட்டு எழுத்துக்களின்மேல் ஒவ்வொன்றாக இழுத்தாள். அம்மாவின் பெயரில் கொம்பு ஒன்று கோணிப்போனது. படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘இன்னும் கொஞ்சம் நேரா எழுதியிருக்கலாம்.’

அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்தபிறகு அடுப்படிக்குப் போய் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.