கீழே இருந்து வந்த சத்தம்

என் வலது காது செத்து நான்கு வருடம் ஆகிறது. இடது காதும் பாதிதான். அதற்குள் ஒரு வண்டு உட்கார்ந்துகொண்டு ஓயாமல் இரைகிறது. அபுதாபி முசஃபாவில் நான் வேலை பார்க்கும் கராஜில் இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்ல முடியாதய்யா. வேகத்துக்காக மாற்றிக் கட்டிய கார்கள்தான் எங்களிடம் வரும். பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், ஊரையே எழுப்பும் சைலன்சர். வந்த வண்டியில் என்ன கோளாறு என்று உஸ்தாத், அதாவது மூத்த மெக்கானிக், காது வைத்துச் சொல்லும்வரை ஒருவரும் ஒரு போல்ட்டைத் தொடக்கூடாது என்பது எங்கள் கராஜின் வழக்கம். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பதெல்லாம் அப்புறம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்க வேண்டும். அந்த உஸ்தாத் நான்தான். எட்டு சிலிண்டரில் எந்த வால்வு அடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன். அந்தப் பேருக்காகத்தான் இத்தனை தடவை விசா புதுப்பித்துக் கொடுத்தார்கள். காது போச்சு என்று தெரிந்தால் மறுநாளே கேன்சல். ஐம்பது வயதில் சிவகங்கைக்குத் திரும்பி நான் யாரிடம் போய் வேலை கேட்பேன்? மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

காது போனது ஒரு நொடியில். வண்டியை உருளைமேல் ஏற்றி முழு வேகத்தில் சோதித்துக்கொண்டிருந்தபோது டர்போ குழாய் ஒன்று என் தலைக்குப் பக்கத்தில் வெடித்தது. ரத்தம்கூட வரவில்லை. "குச் நஹி ஹுவா", ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன். விசா மெடிக்கலில் ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். காதை ஒருவரும் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் நாட்களை ஓட்டினேன்.

எப்படி ஓட்டினேன் என்றால், முகத்தைப் பார்த்துத்தான். வண்டிக்காரனிடம் "எப்படி அடிக்குது, சொல்லு" என்பேன். அவன் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவான். காரை எப்போது வாங்கினான், என்ன மாற்றினான், எந்த வேகத்தில் சத்தம் வருகிறது என்று கேட்டால் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். மீதியை அனுபவத்தை வைத்து அடித்துவிடுவேன். பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் நான்கு வருடம் மறைத்தேன்.

சென்ற வருடம் அந்த வெள்ளைக் கார் வந்தது. இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், இருந்த இரண்டு டர்போவைக் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ மாட்டியது. அந்த ஊர் அரபிப் பையன்தான் சொந்தக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். வார விடுமுறையில் பந்தயத் தடத்தில் கொண்டுபோய் ஓட்டுவான். மரியாதையான பிள்ளை. என்னைக் கண்டால் நெஞ்சில் கை வைத்து சலாம் சொல்வான். பானெட்டைத் திறந்துவிட்டு, "உஸ்தாத், டிக் டிக் டிக். தீன் தின் ஸே" என்றான். மூன்று நாளாக இருக்கிறதாம்.

நான் குனிந்தேன். எனக்குக் கேட்டது வண்டு மட்டும்தான்.

என்னோடு வேலை பார்த்தவர் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். முப்பத்தைந்து வயது, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். மூன்று வருடமாக ரூமிலும் என் பக்கத்துக் கட்டில். என்னை அண்ணே என்பார், நான் தம்பி என்பேன். முதலில் இருவரும் சேர்ந்து சைலன்சர் பக்கம் பார்த்தோம். புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் கசிந்தாலும் இதே மாதிரி டிக் டிக் என்று வரும். வண்டி ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். நுரை வரவில்லை. அப்புறம் அவர் வண்டிக்கு அடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். எழுந்து வந்தபோது முகம் சரியில்லை.

"அண்ணே, சத்தம் கீழ இருந்துல்லா வருது. ராடு பேரிங்குன்னு தோணுது. நீங்க ஒருக்கா கேளுங்க."

ராடு பேரிங் என்றால் சின்ன விஷயமில்லை. பிஸ்டனைத் தாங்கும் கம்பி சுழலும் இடத்தில் தேய்மானம். இன்ஜினையே இறக்க வேண்டும். மேலே இன்ஜெக்டர் அடிக்கிற சத்தம் என்றாலோ கவலையே இல்லை, பெரிய இன்ஜெக்டர் அப்படித்தான் அடிக்கும். மேலேயா, கீழேயா? கேள்வி அவ்வளவுதான். நல்ல காது உள்ள எவனுக்கும் அரை நிமிட வேலை. நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செவிட்டுக் காதில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திக்கொண்டு ஐந்து நிமிடம் கிடந்தேன். அழுகையாக வந்தது. இடது காதில் வைத்துப் பார்க்கலாம் என்றால், உஸ்தாத் ஏன் காதை மாற்றுகிறார் என்று எவனாவது கேட்டுவிடுவான் என்ற பயம்.

அப்போதுதான் அந்தக் கோமாளித்தனத்தைச் செய்தேன். டீ நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும் வண்டியை ஓடவிட்டு, போனை இன்ஜின் மேல் பிடித்து சத்தத்தைப் பதிவு செய்து, ஊரில் இருக்கும் என் மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவள் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். மிஷின் சத்தத்தில் சின்ன மாற்றம் என்றாலும் அவளுக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"என்னங்க இது, எதுக்கு எனக்கு அனுப்பிருக்கீக?"

"சும்மாதான். உனக்கு என்ன கேக்குது, சொல்லு பாப்போம்."

"இதென்ன பரீட்சையா? இரைச்சலா இருக்கு. அதுக்கு ஊடால டிக்கு டிக்குனு லேசா ஒண்ணு. ஊசி இறங்குற மாதிரி, சீரா, வேகமா."

"கனமா எதுவும் கேக்கலையே?"

"இல்லங்க. லேசாத்தான். ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்குக் கேக்காம என்ன? நீ சரியாச் சொல்றியான்னு பாத்தேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். லேசாக, சீராக, வேகமாக என்றால் இன்ஜெக்டர்தான். உயிர் வந்தது எனக்கு. போனை எங்கே பிடித்தேன்? இன்ஜின் மேலே, இன்ஜெக்டருக்கு ஒரு சாண் உயரத்தில். மேலே பிடித்த போனில் மேலே இருக்கிற சத்தம்தானே விழும்? இருபத்திரண்டு வருடம் இன்ஜினோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை. தோன்றாமல் இருக்க நானே பார்த்துக்கொண்டேன் போல.

ஃபோர்மேன் பஞ்சாபிக்காரர். "உஸ்தாத், ஃபைனல் க்யா ஹே?" என்று முடிவைக் கேட்டார். "இன்ஜெக்டர் ஹே பாய். நார்மல்" என்றேன். எண்ணெயை மட்டும் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னேன்.

எண்ணெயை மாற்றிய தம்பி பழைய ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணே, இத அறுத்துப் பாத்துருவோமா? பேரிங் தேஞ்சிருந்தா உள்ள செம்புத் தூள் மின்னுமே. பத்து நிமிசந்தான்."

"எனக்கே காது குத்துறியா நீ? உஸ்தாத் நானா, நீயா? தூக்கி டிரம்முல போடு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவருக்கு ஒரு பழக்கம், கழற்றிய ஃபில்டரில் மார்க்கரால் வண்டி நம்பரை எழுதிவிட்டுத்தான் டிரம்மில் போடுவார். அன்றும் எழுதிப் போட்டார்.

ஒன்பதாம் நாள் அந்தக் கார் ரெக்கவரி வண்டியின் முதுகில் வந்து இறங்கியது. பந்தயத் தடத்தில் மூன்றாவது ஓட்டத்தில் ராடு உடைந்து, இன்ஜின் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, எல்லாம் தடத்தில் கொட்டிவிட்டது. அந்தப் பையன் என்மேல் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் சலாம் சொல்லிவிட்டு, "உஸ்தாத் கேட்டார், நல்லா இருக்குன்னு சொன்னார். அதுக்கப்புறம்தான் ஏதோ ஆச்சு" என்று ஃபோர்மேனிடம் இந்தியில் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதுக்கப்புறம் ஆனது என்ன? எண்ணெய் மாற்றியது. மாற்றியது யார்? ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார். "நீ கேட்டப்ப கீழே சத்தம் இருந்ததா, இல்லையா?"

"நஹி" என்றேன்.

பொய் இல்லையே. எனக்குக் கேட்கவில்லையே. அந்த ஒரு வார்த்தையில் வண்டி நல்ல நிலையில் வந்ததாகவும், எண்ணெயைச் சரியாக ஊற்றாமல் தம்பிதான் இன்ஜினைக் கொன்றதாகவும் ஆகிவிட்டது. தம்பி என்னைப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேன் பாய், சத்தம் கீழ இருந்தது" என்று ஃபோர்மேனிடம் சொன்னார். உஸ்தாத்தின் பேச்சுக்கு முன் அது எடுபடுமா? "சரி, பழைய ஃபில்டர் டிரம்முல கெடக்கு. நம்பர் எழுதியிருக்கேன். எடுத்து அறுத்துக் காட்டுதேன். உள்ள செம்பு இருந்தா நோவு முன்னாடியே இருந்ததுன்னு அர்த்தம்" என்றார். ஃபோர்மேன் நியாயமானவர்தான். சாயங்காலம்வரை நேரம் கொடுத்தார். அவசரமாக முடிக்க வேண்டிய பிரேக் வேலை ஒன்று இருந்ததால் தம்பி அதை முடித்துவிட்டுத் தேடலாம் என்று இருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் நான் முந்திக்கொண்டேன்.

டிரம்மில் முழங்கைவரை எண்ணெய்க்குள் விட்டுத் துழாவினேன். நாலாவது ஃபில்டரில் அந்த நம்பர் இருந்தது. பின்பக்கம் கொண்டுபோய் அறுத்தேன். மடிப்பு மடிப்பாக இருந்த தாளை வெயிலில் விரித்தேன். அடக் கடவுளே, மடிப்புக்கு மடிப்பு செம்பு மின்னியது. அந்த நிமிடம் நான் மனுஷனாக இருந்திருந்தால் அதை அப்படியே கையில் ஏந்திப்போய் ஃபோர்மேன் மேசைமேல் வைத்திருப்பேன். மகள் முகம் வந்தது, விசா வந்தது, ஊரில் எல்லாரும் ஏன் வந்துட்டே என்று கேட்பது வந்தது. பழந்துணியில் சுற்றி, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து தயிர்ச்சோறு சாப்பிட்டேன். சோறு இறங்கியது, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சாயங்காலம் தம்பி டிரம்மையே கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தார். நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவர் கால்களை மட்டும் பார்த்தேன். இரண்டாம் தடவையும் பார்த்தார். ஃபோர்மேன் வந்து, "கலாஸ்", முடிந்தது என்றார்.

அன்று மனைவி கூப்பிட்டாள். "அந்தச் சத்தம் என்னங்க ஆச்சு? நான் சொன்னது சரிதானா?" சரிதான் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். கல்ஃபு வண்டிக்கே நான்தான் வைத்தியம் சொன்னேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லப்போவதாகச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பிக்குக் கேன்சல் பேப்பர் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அவர் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்தார். போகிற அன்று காலை பெட்டி கட்டும்போது ரூமில் நாங்கள் இருவர் மட்டும்.

"அண்ணே, அந்த ஃபில்டர நீங்க எடுத்தியளா?"

"இல்லப்பா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம் எழுந்து, என் இடதுபக்கம் வந்து நின்றார்.

"ரெண்டு வருசமா நான் உங்க இந்தப் பக்கம் நின்னுதான் பேசுகேன். நீங்க கவனிச்சதே இல்லியா? எவனாவது அந்தப் பக்கம் நின்னு உங்களக் கூப்பிட்டா, நான் திரும்பி என்னன்னு சத்தமாக் கேப்பேன், உங்களுக்குத் தெரியட்டும்னு. யாருட்டயாவது சொன்னேனா? என்கிட்ட ஒரு வார்த்த, 'தம்பி, எனக்குக் கேக்கல, நீ கேட்டுச் சொல்லு'ன்னு சொல்லியிருந்தா, உஸ்தாத் சொன்னதா நானே சொல்லியிருப்பேனே அண்ணே."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஏர்போர்ட் போகும் வேன் வந்துவிட்டது. பெட்டியை நான்தான் தூக்கிப்போய் ஏற்றினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வேன் உறுமிக்கொண்டு நின்றது, நான் நின்றது வலது காது ஜன்னலைப் பார்க்கும்படி. கண்ணாடியை இறக்கி அவர் என்னவோ சொன்னார். நீளமாகவே சொன்னார், இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும். உதடு மட்டும் அசைந்தது. நான் பழக்கதோஷத்தில் எல்லாம் புரிந்தவன்போலச் சிரித்து, சரி சரி என்று தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் எதற்குத் தலையாட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.