கன்னத்தில் ஒரு லவங்கம்

கோபம் வந்தால் ஜெபமணியின் கை முதலில் முந்தானை முடிச்சுக்குத்தான் போகும். உள்ளே லவங்கம். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள் என்றால் அதன் காரம் தீரும்வரை வாய் திறக்க மாட்டாள். சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிறவனுக்கும் லவங்கம்தான் பதில், காஸ் தீர்ந்த நேரத்தில் வந்து நிற்கும் இரண்டாம் ஷிஃப்ட்டுக்கும் லவங்கம்தான் பதில்.

ரேணிகுண்டாவில் எங்கள் குழாய்த் தொழிற்சாலை கேன்டீனில் அவள் சமையல்காரி. சொந்த ஊர் குடிபாலா, பழைய மிஷன் சபைக் குடும்பம். புதுக் கம்பெனிகள் முளைத்த வருஷங்களில் ஊரில் பாதிப்பேர் இந்தப் பக்கம் கிளம்பியபோது அவளும் வந்து சேர்ந்தாள். ஆள் குள்ளம், குரல் பெரிசு. ஆரம்பத்தில் அவள் கத்தினால் கிரைண்டர் ஓடுவது கேட்காது. ஸ்டோரில் இருந்து நான் அனுப்பும் பருப்பைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து, "இத்த உங்க வூட்ல துன்னுவியா சார்?" என்று என்னையே கேட்டிருக்கிறாள். நான் கோபப்படவில்லை. பருப்பு மட்டம்தானே!

பிறகுதான் மகள் பிளெஸ்ஸிக்கு வேலூரிலிருந்து அந்த வரன் வந்தது. பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வந்தவர்கள் வழக்கம்போல அடுத்த வீட்டில் விசாரித்தார்கள். அடுத்த வீட்டுக்காரி சுலோசனா, எங்கள் பேக்கிங் பிரிவில் இருப்பவள். பொண்ணு தங்கம், அம்மாக்காரிக்குத்தான் வாய் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டாள். போனவர்கள் திரும்பி வரவில்லை.

கேன்டீனில் ரகளை நடக்கும் என்று ஆளுக்கு ஆள் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. சுலோசனா பொய் சொல்லியிருந்தால் ஜெபமணி அவள் முடியைப் பிடித்திருப்பாள். சொன்னது நிஜம், அதுதான் இவளை அறுத்தது. அந்த வாரம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் தொடங்கியது. சபையில் மற்றவர்கள் கறியை விட்டார்கள், இவள் ஏச்சை விட்டாள், வாயை அடைக்க லவங்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஈஸ்டர் வந்து போயும் லவங்கம் போகவில்லை.

எல்லோருக்கும் ஆச்சரியம். எப்பேர்ப்பட்ட பொறுமை என்று சூப்பர்வைசர்கூட மெச்சினார். நீ சாமியாராகவே ஆகிவிட்டாய் என்று நானும் கிண்டல் செய்வேன், சிரித்துக்கொள்வாள். ஆனால் சுலோசனா தட்டோடு வரிசையில் வரும்போது மட்டும் லவங்கம் முன்னாடியே கன்னத்துக்குப் போய்விடும். சோறு விழும், குழம்பு விழும். முகம் அண்டாவையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பிளெஸ்ஸியும் பெங்களூரில் தானே ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

போன மாதம் சபைக்குப் புதிதாக ஓர் ஐயர் வந்தார். போதகரை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். சின்ன வயசு. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துக்கொண்டு திருவிருந்துக்கு வாருங்கள் என்று அறிவித்திருக்கிறார். இவள் அவரிடம் பெருமையாகவே போய்ச் சொன்னாளாம்: "எனுக்கு யாரோடயும் சண்டை இல்ல ஐயரே. என் பொண்ணு கல்யாணத்தக் கெடுத்தவகிட்டகூட ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசல."

"ஒரு வார்த்தைகூடவா?" என்று மட்டும் கேட்டாராம் அவர்.

அந்த ஞாயிறு எல்லோரும் அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்கு எழுந்து போக, இவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பெண்ணாக இருந்த நாள் முதல் தவறவிடாத திருவிருந்து. மறுநாள் காலையில் கேன்டீன் பின்பக்கம் அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னாள்.

"திட்டிக்கினு இருந்தப்பவாவது நாலு நாள்ல மறந்துடுவேன் சார். இப்ப அத்த வாயிலயே வெச்சிக்கினு கீறேன்."

எனக்குப் பாவமாக இருந்தது.

மதியம் வரிசையில் வேண்டுமென்றே சுலோசனாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஜெபமணியின் கன்னம் வழக்கம்போல உப்பியிருந்தது. சோறு விழுந்தது, குழம்பும் விழுந்தது. சுலோசனா நகரப் போனாள். ஜெபமணி திரும்பி, லவங்கத்தைக் கழுவுதொட்டியில் துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கொழம்பு காரமா கீது சுலோசனா. மோர் ஊத்தட்டுமா?" என்று மோர்க் கரண்டியை நீட்டினாள்.

சுலோசனா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. மோர் சொட்டுச் சொட்டாக மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. ஜெபமணி நீட்டிய கரண்டியை இறக்கவில்லை.