ஐரிஷ் தடிக்கு நல்லெண்ணெய்

போன சனிக்கிழமை தெற்கு லண்டன் நோர்பரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் வாசல்படியில் குந்தியிருந்து கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். ஏப்ரல் பிறந்தால் அவருக்கு இது ஒரு விரதம் மாதிரி. குப்பைப் பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பிய நான், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்டார். "ஆல்ரைட்" என்றேன். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. உண்மையில் அந்த நேரம் நான் நோர்பரியிலேயே இல்லை. கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த பழைய மண்டபத்தில், ஒரு ஐரிஷ்காரியிடம் தடியால் அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

அப்போது நான் லண்டனுக்கு வந்த புதிது. அகதிக் கேஸ் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தமிழ்க் கடையில் அரிசி மூட்டை இறக்குவேன், போத்தல் அடுக்குவேன். கேஸ் முடியும்வரை வேலை செய்யக் கூடாது என்பதால் அதை வேலை என்று சொல்வதில்லை. "கடையில் நிற்கிறேன்" என்போம். நின்றதைவிடக் குனிந்ததுதான் அதிகம். இருந்தது பிளேஸ்டோவில், எங்கள் ஊர் ஆண்கள் நிறைந்த ஒரு வீட்டில். ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும்போது மற்றவர் புறப்படுவார். ஒருவர் எழும்பிப்போன படுக்கையின் சூட்டில் மற்றவர் படுப்பார். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் இருந்து கதைக்க ஒருவர் இல்லை. அந்தப் படுக்கைச் சூடுதான் எனக்கு அப்போது கிடைத்த மனித உறவு.

ஞாயிறு பின்னேரங்களில் கடை இல்லை. அன்றுதான் எனக்குப் பயம். நடக்கத் தொடங்கினால் கால் போன போக்கில் போவேன். அப்படி ஒரு ஞாயிறு அந்த மண்டபத்தைக் கடக்கும்போது உள்ளேயிருந்து டொக், டொக் என்று கேட்டது. மரத்தில் மரம் விழும் சத்தம், நடுவில் ஒரு "ஆ!". ஊரில் என்றால் அந்தச் சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடியிருப்பேன். அன்று கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த அளவுக்குத் தனியாக இருந்திருக்கிறேன்.

உள்ளே கொஞ்சப் பேர் சோடி சோடியாக நின்று தடியால் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். சோடி இல்லாமல் நடுவில் நின்றவள் நோரா. என் வயதுதான் இருக்கும். பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. தாய் தகப்பன் ஐரிஷ்காரர், அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் லண்டன். அந்த வகுப்பை நடத்தியவள் அவள்தான். என் முகத்தைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தவன் என்று கேட்டாள். சொன்னேன். உடனே கண் விரிந்தது.

"தமிழரே? உங்கட ஆக்களுக்குத் தடி விளையாட்டு வருமெல்லே?"

அவள் பேசியது சுத்தமான லண்டன் ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைத்தால் அவள் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறாள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். என் காது அவள் வாயில் எனக்கு 'நீர்' என்று போட்டுவிட்டது. 'நீங்கள்' அளவு தூரமில்லை, 'நீ' அளவு கிட்டவுமில்லை. அப்படியே எழுதிவிடுகிறேன், அவள் கோபிக்க மாட்டாள்.

திருவிழாவில் சிலம்படி பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். தடியோடு எனக்கிருந்த நேரடித் தொடர்பு எங்கள் கணக்கு மாஸ்டர் மூலமாக வந்தது. அதுவும் ஒருவழிப் பாதை. இருந்தும் தலை தன்பாட்டில் "ஓம்" என்று ஆடிவிட்டது. கையில் ஒரு தடியைத் தந்தாள். முதல் அடியிலேயே குட்டு வெளிப்பட்டது.

"உமக்கு ஒண்டும் தெரியாது, என்ன?"

"தெரியாது."

"பறவாயில்லை. எனக்கும் அரைவாசிதான் தெரியும்."

அது பணிவுப் பேச்சு அல்ல. அயர்லாந்து ஊர்களில் ஒரு காலத்தில் சந்தை நாள் என்றால் குடும்பம் குடும்பமாகத் தடியெடுத்து மோதுவார்களாம். அதற்கென்று அடிமுறை, தடுக்கும் முறை, கால் வைக்கும் முறை எல்லாம் இருந்ததாம். பிறகு பொலிசும் பாதிரிமாரும் சேர்ந்து அடக்கினார்கள். மிச்சம் இருந்ததைச் சனங்களே வெட்கப்பட்டு மறைத்துவிட்டார்கள். ஒன்றிரண்டு குடும்பங்கள் விட்டுவிடாமல் வைத்திருந்தன. இப்போது அங்கொருவர் இங்கொருவராகத் தேடிப் பழகுகிறார்கள். நோரா விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அயர்லாந்துக்குப் போய்க் கொஞ்சம் கற்றாள், பழைய படங்களைப் பார்த்துக் கொஞ்சம் ஊகித்தாள். படத்தில் ஒருவன் தடியை ஓங்கி நிற்பான். அடுத்து அவன் என்ன செய்தான் என்று படம் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது. அந்த உடம்பு நான்தான்.

தடியை நாங்கள் நினைப்பதுபோல் நுனியில் பிடிப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். கைக்குக் கீழே மிஞ்சும் துண்டு முழங்கையை ஒட்டி நின்று காவல் காக்கும். நான் ஒவ்வொரு முறையும் மறந்து நுனிக்குப் போவேன். முழங்கையில் ஒன்று விழும். "காவலை விட்டிட்டீர்" என்பாள். விரல் மொளியிலும் விழும். உடனே தடியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பாள். லண்டனுக்கு வந்த பிறகு என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல். சில நாள் வேண்டுமென்றே பிடி தவறவிட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

தொடங்குமுன் ஒருவர் தன் தடியால் மற்றவர் தடியை மெல்ல ஒருமுறை தட்ட வேண்டும். மற்றவர் திருப்பித் தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடி. "இது அந்தக் காலத்துப் பழக்கமோ?" என்று ஒருநாள் கேட்டேன். யோசித்தாள். "நான்தான் துவக்கினனான் எண்டு நினைக்கிறன். ஆனா இப்பிடி ஏதாவது இருந்திருக்கும்தானே?"

அவளுடைய தகப்பனுக்கு இது துண்டாகப் பிடிக்காது. "உது குடிகாரற்ற சண்டை. உதைச் சொல்லித்தான் இந்த ஊரிலை எங்களைப் பழிச்சவங்கள்" என்பாராம். அவர் வந்த காலத்தில் ஐரிஷ்காரன் என்றால் கையில் தடியும் வாயில் சாராயமும் என்று கேலிப்படம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கேலியிலிருந்து தடியை மட்டும் பிரித்தெடுத்துத் துடைத்து வைக்க வேண்டும் என்பதுதான் நோராவின் பிடிவாதம். தகப்பன் ஒருநாளும் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கும்.

எங்கள் வீட்டிலும் ஒரு தகப்பன் இருந்தார், சிவம் அண்ணை. சமையல் அவர் பொறுப்பு. என் கைத் தழும்புகளைக் கண்டுவிட்டு அகப்பையோடு வந்தார். "உனக்கென்ன விசரே? அங்கை வாங்கின அடி காணாதெண்டு இங்கை வெள்ளைக்காரியிட்டையும் வாங்கிறியே?" வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தது அதற்கு முன் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். பழகும் தடியை ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். "காய விடாமல் எண்ணெய் பூசும்" என்றாள். என்ன எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. தமிழனுக்கு எண்ணெய் பூசு என்றால் அதில் கேட்க என்ன இருக்கிறது? சிவம் அண்ணையின் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து, சனி முழுக்குக்குப் பூசுவதுபோல் அரக்கித் தேய்த்தேன். அவர்கள் பூசும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து மரத்தோடு இறுகிவிடும். நம்முடையதோ ஒருநாளும் காயாது. அடுத்த ஞாயிறு நான் வீசிய முதல் வீச்சிலேயே தடி கையைவிட்டு வழுக்கிப் பறந்து, மண்டபத்தின் மறுபக்கத்தில் தேநீர் மேசையில் இருந்த பிஸ்கட் தட்டை வீழ்த்தியது. நோரா ஓடிப்போய் எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"இது என்ன, சாப்பாட்டு வாசம்?"

சொன்னேன். நிலத்தில் குந்திச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமட்டும். அதன் பிறகு என் தடியைக் காணும்போதெல்லாம் ஒருமுறை மூக்குக்கு அருகே கொண்டுபோகாமல் தரமாட்டாள்.

அந்தப் பனிக்காலத்தில் அவளோடு எசெக்ஸ் பக்கம் ரயிலில் போனேன். லண்டனைவிட்டு வெளியே நான் போனது அதுதான் முதல் தடவை. தெரிந்த ஒருவரின் தோட்ட வேலியில் பிளாக்தோர்ன் என்ற கறுப்பு முள்மரம் இருந்தது. உண்மையான தடி அதில்தான் செய்வது. இலை உதிர்ந்து சாறு இறங்கிய காலத்தில், வேரோடு ஒட்டிய குமிழும் சேர வெட்ட வேண்டும். "அயர்லாந்து முள்ளுத்தான் வேணும் எண்டு சிலபேர் சொல்லுவினம்" என்றாள் நோரா. "முள்ளுக்கு ஆர் பாஸ்போர்ட் பாக்கிறது?" எனக்கென்று ஒன்றை வெட்டினாள். முள்ளைச் சீவினோம். மண்டபத்துக் கொதிகலன் அறையில், வெந்நீர்க் குழாய்க்கு அருகே, என் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கட்டித் தொங்கவிட்டாள்.

"ரெண்டு பனிக்காலம் காய வேணும். அவசரப்பட்டால் வெடிச்சுப் போம். நீர் இருப்பீர்தானே?"

கேஸ் தோற்றால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த மாதமே நான் எங்கே என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் அட்டையின் நூலை இறுக்கி இன்னொரு முடிச்சுப் போட்டாள். லோயர் பொறு என்றார், ஊரில் அம்மா பொறு என்றார். ஆனால் பொறுத்திருந்தால் இன்னது உன் கைக்கு வரும் என்று ஒரு பொருளைக் காட்டியவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு ஞாயிறும் அந்த அறைக்குப் போய்த் தடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீடு போவேன். அது காயும்வரையாவது இங்கே இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனையாகிவிட்டது.

நான் இருந்தேன். போனவள் அவள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் வந்து சொன்னாள். அயர்லாந்தில் அந்த அடிமுறையை விடாமல் வைத்திருந்த குடும்பமொன்று அவளைக் கிட்ட வைத்துப் பழக்கச் சம்மதித்திருக்கிறது. "ஒரு வருசம். பழகிக்கொண்டு வந்திடுவன்." பிறகு, "நீரும் வாருமன்" என்றாள். நான் சிரித்தேன். பிறந்த நாட்டுக்கும் எனக்குப் போக ஏலாது, அவளுடைய நாட்டுக்கும் போக ஏலாது. அவளோ தான் ஒருநாளும் வாழாத ஊருக்கு 'வீட்டுக்குப் போறன்' என்று சொல்லிப் பெட்டி கட்டினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளை விரும்பினேனா என்றால், ஓம், விரும்பினேன். சொல்லவில்லை. நாளைக்கு இருப்பேனா என்று தெரியாதவன் எதைச் சொல்வது? கடைசி ஞாயிறு அவள் என் தடியில் ஒருமுறை தட்டினாள், நான் திருப்பித் தட்டினேன். அன்று நாங்கள் அடிபடவில்லை.

அவள் போன பிறகு வகுப்பு நிற்கவில்லை, மெல்லக் கரைந்தது. எனக்குக் கேஸ் வென்றது. சிவம் அண்ணை பாயாசம் வைத்தார். நோராவுக்குச் செய்தி அனுப்பினேன். துள்ளிக் குதித்துப் பதில் போட்டாள். வருடங்கள் போகப் போகச் செய்திகள் பிறந்தநாளுக்கு மட்டும் என்றாயின, பிறகு அதுவுமில்லை. அங்கேயே கலியாணம் செய்து, அங்கேயே சனங்களுக்குப் பழக்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். தகப்பனும் அவளோடு போய்விட்டாராம். முன்வரிசையில் கதிரை போட்டிருந்து பார்க்கிறாராம். அதைக் கேட்டபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

அதற்கெல்லாம் முன்பே, அவள் போன அந்த இரண்டாவது பனிக்காலம் முடிந்ததும் மண்டபத்தை விற்கப் போகிறார்கள் என்று காவலாளி போன் பண்ணினார். என் பெயர் போட்ட தடி ஒன்று கிடக்கிறதாம். போனேன். கொதிகலன் அறையில் மற்றக் கொளுக்கிகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. என்னுடையது மட்டும் ஒரு பழைய தலையணை உறைக்குள் சுற்றியிருந்தது. அது நான் சுற்றியது அல்ல. அவள் போன பிறகு அந்த அறைக் கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. உறையை உருவியதும் ஒரு வாசனை, கொஞ்சம் காறிப்போன வாசனை. ஆளிவிதை அல்ல. நல்லெண்ணெய்.

நான் நின்ற கடைக்கு அவள் வரவில்லை. வந்திருந்தால் கண்டிருப்பேன். அயர்லாந்துக்குப் போகுமுன் ஈஸ்ட் ஹாமில் வேறு ஏதோ தமிழ்க் கடைக்குப் போய், எண்ணெய் அடுக்கின் முன்னால் நின்று, ஒவ்வொரு போத்தலாகப் பார்த்து, யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அது காயாது, வழுக்கும், தடிக்கு ஆகாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் அவள். அந்த அறையில் நெடுநேரம் இருந்து அழுதேன். காவலாளி எட்டிப் பார்த்து, "ஆர் யூ ஆல்ரைட்?" என்றார்.

அந்த மண்டபம் இப்போது பால்கனி வைத்த ஃபிளாட். நான் நின்ற கடையில் மின்சிகரெட்டுப் புகை விற்கிறார்கள், அதுவும் பழ வாசனையில். சிவம் அண்ணை கனடா போய்விட்டார். பிளேஸ்டோ வீட்டில் வேறு யாருடைய படுக்கைச் சூட்டிலோ வேறு யாரோ படுக்கிறார்கள். எனக்கு நோர்பரியில் தனி வீடு, தனிப் படுக்கை. எல்லாம் நானே சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் "ஆல்ரைட்" சொல்லிவிட்டு உள்ளே வந்து, அலுமாரிக்குப் பின்னாலிருந்த தடியை எடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடித்தேன். கை மறக்கவில்லை. மூக்குக்கு அருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. நுனியிலிருந்து குமிழ்வரை முகர்ந்து பார்த்தேன். வெறும் மரம்.

குசினியில் நல்லெண்ணெய் இருந்தது. ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் வாசனை வந்துவிடும். போத்தலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றியும் விட்டேன். பிறகு கையைக் கழுவினேன். அந்தத் தடியில் கடைசியாக எண்ணெய் பூசியது அவள் கை.