ஆறாவது ஹோலை ஆடாதீர்கள்

1. தெரிந்தவர் ஓடிப்போனார்

எங்கள் சுற்றுலாக் கையேட்டில் கோல்ஃப் மைதானங்களைப் பற்றி எழுத வேண்டியவர், அச்சுக்குப் போகச் சில மாதங்களே இருந்த சமயத்தில் பம்பாயில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். மலையோர விடுமுறை இடங்களுக்கு ஆங்கிலத்தில் கையேடு போடுவதுதான் தொழில். ஹோட்டல், படகுத்துறை, பறவைகள் எல்லாம் எழுதியாகிவிட்டன. கோல்ஃப் பக்கங்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன.

நான் அங்கே புரூஃப் ரீடர். ஆசிரியர் தண்டபாணி என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க லலிதா, நீங்க போய்ட்டு வந்து எழுதிக் குடுக்கறீங்களா?"

"எனக்கு கோல்ஃப் தெரியாதே சார்."

"தெரிஞ்சவரு ஓடிப்போயிட்டாருங்க. மிச்சம் இருக்கறது தெரியாதவங்கதான். கத்துக்கிட்டு எழுதுங்க."

அன்று சாயங்கால ரயிலில் பாலக்காடு திரும்பி, கல்பாத்தி வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"வெயில்ல தடியைத் தூக்கிண்டு பந்துக்குப் பின்னாலே ஓடறதுக்கா எம்.ஏ. படிச்சாய்?"

"ஓட வேண்டாம்மா. நடந்தா போறும்."

"ஆம்பிளைகள் நடுவிலே நடக்கணும். அது ஓடறதைவிட மோசம்."

அப்பா மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வந்து என் அறை வாசலில் வைத்தார். அவருடைய பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்டபாணியின் குடும்பத்துக்கு முதலமடையில் மாந்தோப்பு இருந்தது. தெரிந்தவரிடம் பழைய கோல்ஃப் மட்டைகள் வாங்கிக் கொடுத்து, தோப்பில் அடித்துப் பழகிக்கொள்ளச் சொன்னார். ஓய்வு பெற்ற ஒரு தோட்டத் துரையின் மனைவி வாரம் ஒரு தடவை வந்து, நிற்கும் விதம், பிடிக்கும் விதம் எல்லாம் காட்டிக் கொடுத்தார். தோப்பில் வேலை செய்த பெண்களுக்கு அது நல்ல வேடிக்கை.

"ஏனுங்க அம்மிணி, மாங்கா அடிக்கறதுக்கு இத்தன தடியா வேணும்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் அடித்த பந்து உண்மையாகவே ஒரு மாங்காயைப் பிளந்தது. அவர்களோடு சேர்ந்து அதை உப்பு தொட்டுத் தின்றேன்.

சிரிப்பு நிற்கும்வரை அடிப்பது என்று முடிவு செய்துகொண்டேன். அவர்கள் சிரிப்பது நிற்கவில்லை. ஆனால் பந்து நேராகப் போகத் தொடங்கியது.

2. நான் வைத்துக்கொண்ட முறை

கோல்ஃப் மைதானங்களில் பலவகை உண்டு. எனக்குக் கிடைத்தவை எல்லாம் பார்க்லேண்ட் வகை. அதாவது, மரங்களுக்கு நடுவே பூங்கா மாதிரி புல்வெளி வளர்த்து அமைப்பது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் மலைகளில் வெயிலும் இருக்கும், காற்றும் இருக்கும். விடுமுறைக்காரர்கள் வரும் பருவம். அந்தப் பருவத்தில்தான் நானும் பஸ் ஏறினேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் என் முறையைச் சொல்கிறேன். பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய குழி வரைக்கும் உள்ள பகுதி ஒரு ஹோல். மைதானத்தில் முதலில் கடைசி ஹோலிலிருந்து பின்னோக்கி நடப்பேன். பின்னோக்கி நடந்தால் அலங்காரம் தெரியாது, மைதானம் தெரியும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, புல் எங்கே கருகியிருக்கிறது, எந்த மரம் வேண்டாத இடத்தில் நிற்கிறது எல்லாம் கண்ணில் படும். பிறகுதான் ஆடுவேன். சுமாராகத்தான் ஆடுவேன். அதுவும் நல்லதே. கையேட்டை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சுமாராக ஆடுகிறவர்கள்தான். கடைசியாக கிளப்பின் குளியலறையைப் பார்ப்பேன். இதை எனக்கு முன்னால் எழுதிய ஆண்கள் யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

முதலில் போன கிளப்புகளில் பெரிய சிக்கல் இல்லை. ஓர் இடத்தில் என்னை யாரோ மெம்பரின் மனைவி என்று நினைத்து தையல் வகுப்பு நடக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். இன்னோர் இடத்தில் குரங்கு என் பந்தை எடுத்துக்கொண்டு போயிற்று. அதையும் எழுதினேன். படிப்பவர்களுக்குப் பிடித்திருந்தது.

3. செக்ரட்டரி குரியன்

சூரியநெல்லிக்கு மேலே ஓர் எஸ்டேட் கிளப். ஒன்பது ஹோல் மைதானம். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, சில்வர் ஓக் மரங்களின் நிழலில், கீழே அணைத் தண்ணீர் பளபளக்க இருக்கும். அதன் செக்ரட்டரி குரியன் கோட்டயத்துக்காரர். உயரமானவர், தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லும் பழக்கமுள்ளவர்.

"மேடம், லேடீஸ் உச்சைக்குப் பின்னேதான் ஆடலாம். ரூல் அங்ஙனே" என்றார்.

"உச்சி வெயிலில் யாரும் ஆட மாட்டார்களே?"

"அதுகொண்டுதான் அந்த டைம் லேடீஸுக்கு."

சரி என்று காத்திருந்து, உச்சி வெயிலில் ஆடினேன். எனக்குக் கேடியாக, அதாவது மட்டைப் பையைச் சுமக்கவும் வழி சொல்லவும், அந்தோணி என்பவர் வந்தார். எஸ்டேட் தொழிலாளி, நடுத்தர வயது. முதல் ஐந்து ஹோல்களும் அருமை. குழியைச் சுற்றியுள்ள புல்தரைகளான கிரீன்கள் பாய் விரித்த மாதிரி சமமாக இருந்தன.

ஆறாவது ஹோல் அவற்றையெல்லாம் மிஞ்சியது. பந்தை வைத்து அடிக்கும் மேடையை டீ என்பார்கள். ஆறாவது டீயின் முன்னால் ஒரு மேடு. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. வானத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். அந்தோணி மேட்டின் மேல் ஏறி நின்று, காத்திருக்கச் சொல்லி ஒரு சிவப்புத் துணியை ஆட்டினார். பிறகு வெள்ளைத் துணியைக் காட்டினார். அடித்தேன். அதுவரை அடித்ததிலெல்லாம் அதுதான் நல்ல அடி. பந்து மேட்டைத் தாண்டி, வெயிலில் மின்னி மறைந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மேட்டில் ஏறிப் பார்த்தேன். பந்து கீழே புல்வெளியின் நடுவில் சரியாகக் கிடந்தது. மேட்டுக்கும் பந்துக்கும் இடையே ஒற்றையடிப் பாதை ஒன்று குறுக்கே ஓடியது. பாதையோரத்தில் எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் ஏழெட்டுப் பேர், மண்சரிவில் முதுகை ஒட்டிக்கொண்டு, கூடைகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார்கள்.

"என்ன அந்தோணி இது?"

"எங்க லைன் வீடுகளுக்குப் போற லயத்துப் பாதைம்மா. வெள்ளைத் துணி காட்டிட்டா ஒதுங்கி நிக்கணும்னு அவுகளுக்குத் தெரியும்."

பெண்களில் ஒருத்தி மட்டும் கூடையை ஒரே கையால் பிடித்திருந்தாள். மற்றக் கை தொங்கியது. பெயர் செல்வமேரி. சேறு படிந்த அந்தப் பாதையிலேயே நின்று அவளோடு பேசினேன்.

"போன மழைக்கு முன்னாடி பந்து அடிச்சிருச்சும்மா. தோள்பட்டை எலும்பு. பனிமூட்டத்துல துணி தெரியல. இப்ப இந்தக் கை மேல போவாது. களை வெட்டப் போட்டிருக்காக."

"வேறு வழியாகப் போகக்கூடாதா?"

"ரோடு மலையச் சுத்திப் போவுதுல்ல. டிஸ்பென்சரி, கோயில், காலையில பேரு குடுக்குற மஸ்டர் எல்லாம் இந்தப் பக்கம். காய்ச்சக்காரப் புள்ளயத் தூக்கிக்கிட்டு யாரும்மா அம்புட்டுத் தூரம் சுத்துவா?" என்றவள், பாதையின் கோடியைக் காட்டினாள். அங்கே கம்பிச் சுருளும் மரக்கம்பங்களும் குவிந்து கிடந்தன. "பொஸ்தகத்துல வரப்போவுதாம், வெளியாளுக நெறைய வருவாகளாம். அதான் வழிய அடைக்கப் போறாக. நீங்கதான் அந்தப் பொஸ்தகக்காரம்மாவா?"

நான்தான் என்றேன்.

4. பாதையில் நின்று பார்த்தல்

சாயங்காலம் குரியனிடம் நேராகவே சொன்னேன். டீயை வலப்பக்கம் தள்ளி வைத்தால் பந்து பாதைப் பக்கமே வராது, வேலியும் வேண்டாம்.

அவர் முகம் வாடியது. "மேடம் எழுத வந்ததா, கோர்ஸ் கட்ட வந்ததா? ஆறாம் ஹோல்தான் இந்தக் கிளப்பின்றே பேரு. அதை மாத்தினா பின்னே என்ன இருக்கு? ஆள்காருக்கு ரோடு உண்டல்லோ."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மெம்பர்கள் ஆடுவார்கள். என்னோடு கொஞ்ச நேரம் அந்தப் பாதையில் வந்து நிற்க முடியுமா?"

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கோயிலுக்குப் போகும் பெண்கள் வெள்ளைப் புடவையில் எங்களோடு ஒதுங்கி நின்றார்கள். செல்வமேரியும் இருந்தாள். கீழே நிற்பவருக்கு அடிக்கிறவர் தெரியமாட்டார். முதலில் மட்டையின் சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு தலைக்கு மேலே விர்ரென்று ஒரு காற்று. இரண்டாவது பந்து தாழ்ந்து வந்தது. குரியன் தொப்பியை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டார். பந்து எங்களுக்குப் பின்னால் மண்ணில் புதைந்தது.

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. செல்வமேரி மட்டும், "பழகிரும் சார்" என்றாள். கேலியாக இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள்.

குரியன் கிளப்புக்குத் திரும்பி நடந்தார். படியேறும்போது, "எனிக்கு மனசிலாயி. பக்ஷே கமிட்டி சம்மதிக்காது. கம்பி வாங்கியாச்சு" என்றார்.

"அப்படியானால் நான் பார்த்ததைத்தான் எழுதுவேன்."

"எழுதிக்கோங்க. எங்க விளம்பரம் அதில் வராது."

கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் தண்டபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். "இந்த மைதானத்தின் எட்டு ஹோல்கள் இம்மலைகளிலேயே சிறந்தவை. ஆறாவது ஹோலை ஆடாதீர்கள். அது தொழிலாளர் நடக்கும் பாதைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல் அடிப்பது. அந்தப் பாதை அடைக்கப்பட்டால் இந்தக் கையேடு இந்த மைதானத்தைச் சிபாரிசு செய்யாது."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பின்னட்டை விளம்பரமே அவங்களுதுதானுங்க."

"தெரியும் சார்."

"அந்த ஒரு ஹோலப் பத்தி எழுதாமயே உட்டுட்டா?"

"எழுதாமல் விட்டால் நம் புத்தகத்தைப் பார்த்துப் போகிறவர் அங்கே நின்று அடிப்பார் சார். அடித்துவிட்டு நன்றாக இருந்தது என்றும் சொல்வார். நானே அப்படித்தான் நினைத்தேன். இதைப் போட முடியாதென்றால் கோல்ஃப் பகுதியில் என் பெயர் வேண்டாம். புரூஃப் பார்க்கத் திரும்பிவிடுகிறேன்."

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். "தோப்புல கூட, கீழ ஆள் இருந்தா கொம்பு உலுக்க மாட்டமுங்க" என்றார். பிறகு அச்சகத்துக்குக் குரல் கொடுத்தார். "பின்னட்டைல படகு போட்டோவப் போட்டுருங்கப்பா!"

5. அடுத்த பருவம்

கிளப்பிலிருந்து கோபமாக வந்த கடிதத்தில், எனக்கு கோல்ஃப் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். அது பாதி உண்மைதான் என்று தண்டபாணி பதில் போட்டார்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கையேட்டோடு வந்த விடுமுறைக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "ஆடக்கூடாத அந்த ஹோல் எது?" என்பதுதானாம். வேடிக்கை பார்க்கும் ஆசையில் மேடு வரைக்கும் போவார்கள். கீழே பெண்கள் கூடையைத் தலைக்கு மேல் பிடித்து நிற்பதைப் பார்த்ததும் மட்டையைப் பையில் திரும்பச் செருகிவிட்டு ஏழாவதுக்கு நடப்பார்கள். சிலர் ஆடத்தான் ஆடினார்கள். ஆனால் ஆடாமல் நடந்துபோனவர்களைப் பார்த்துக்கொண்டு ஆடுவது மெம்பர்களுக்கே கூச்சமாகிவிட்டது. குரியன் கமிட்டியில் மறுபடி மறுபடி பேசியிருக்கிறார். மழைக்காலத்தில் டீயை வலப்பக்கம் மாற்றினார்கள். பாதையை அடைக்க வாங்கிய கம்பி, காட்டுப்பன்றி கிளறாமல் இருக்க கிரீனைச் சுற்றிப் போயிற்று.

அவரே என்னை வரச்சொல்லி அழைத்தார். போனேன். கொஞ்சம் நரைத்திருந்தார். "ஆடிப் பார்த்துப் பறயணும். ஒளிக்கண்டா" என்றார், எதையும் மறைக்க வேண்டாம் என்று.

ஆடினேன். புது ஆறாவது ஹோல் முன்பு போல இல்லை. நேரான, சாதாரணமான ஹோல். மேடும் இல்லை, வானமும் இல்லை. அப்படியே எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "எழுதிக்கோங்க" என்று சிரித்தார்.

பாதையில் செல்வமேரியைப் பார்த்தேன். கை இன்னும் மேலே போகவில்லை. அது இனிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.  அவளே பேச்சை மாற்றினாள்.

"ஒண்ணு சொல்லட்டாம்மா? அந்தப் பழைய எடத்துலருந்து அடிச்சா பந்து என்ன ஒசரம் போவும்! வெயில்ல மினுமினுன்னு. பயம் இல்லாம இருந்திருந்தா நாங்களும் நின்னு பாத்திருப்போம். அழகாத்தான் இருந்துச்சு."

"எனக்கும் அழகாகத்தான் இருந்தது" என்றேன்.

"இருக்கட்டும். இப்ப பாக்கதுக்கு ஒண்ணுமில்ல, நாங்க பாட்டுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் இந்த வேலையைச் செய்தேன். மைதானங்கள், ஹோட்டல்கள், படகுத்துறைகள். இன்று இதற்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஓர் இடம் உங்களுக்கு மிகவும் பிடித்துப்போனால், அங்கேதான் அதிக நேரம் நில்லுங்கள். அந்த அழகுக்காக யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு எழுத உட்காருங்கள். எழுதியதை மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள்.